நிற்கும்போது ஒரு ‘தொம்’, கிளம்பும்போது ஒரு ‘தொம்’: கெப் வண்டியின் அடியில் எதைத் தேடுவது?

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு, கெப் வண்டிகள் நிற்கும்போதும் கிளம்பும்போதும் எழும் இடியைப் பற்றியவை. முதல் கடிதத்துக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குத் தேவையான அளவிலும் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்களுடைய டபுள் கெப் பதினான்கு வருடம் ஓடியது, டீசல், சாதாரணக் கியர், ஃபோர் வீல், பின்னால் பட்டை ஸ்பிரிங். வாரத்தில் நான்கு நாட்கள் கரட், லீக்ஸ், கோவா ஏற்றிக்கொண்டு ஹட்டன், கினிகத்தேனை வழியாகக் கண்டிப் பக்கம் இறங்குகிறேன். மற்ற நாட்களில் தோட்டத்துப் பாதைகளில் உரம் ஏற்றுகிறேன். சில மாதங்களாக, பிரேக் பிடித்து வண்டி நின்று ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள், பின்னாலிருந்து யாரோ மோதியதைப் போல ‘தொம்’ என்று இடிக்கிறது. மறுபடி முதல் கியரில் கிளம்பும்போது இன்னொரு முறை இடிக்கிறது. ஓடும்போது சத்தமும் இல்லை, அதிர்வும் இல்லை. கராஜில் இருக்கும் பாஸ், புரொப்பெல்லர் சாப்டைக் கையால் அப்படியும் இப்படியும் திருப்பிக் காட்டி, “இவ்வளவு ஆடுகிறது, டிபரன்ஷியல் போய்விட்டது, பாவித்த ஒன்று வாங்கி மாற்ற வேண்டும்” என்கிறார். அவர் சொல்லும் தொகை என் இரண்டு மாத வருமானம். மாற்றத்தான் வேண்டுமா?
– தலவாக்கலை வாசகர்

பதில்: அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். உங்கள் கடிதத்தில் மிகப் பெறுமதியான வரி, வண்டி நின்று ‘ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள்’ இடிக்கிறது என்பதுதான். வண்டியின் அடியில் எழும் இடி, வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் வழியே பரவிவிடுவதால், நடுவில் எழுந்தது பின்னால் எழுந்ததைப் போலவும், முன்னால் எழுந்தது இருக்கைக்குக் கீழே எழுந்ததைப் போலவும் கேட்கும். காதை நம்பி இடத்தைக் குறித்தால் பெரும்பாலும் தவறும். இடி எழும் நேரம் அப்படி ஏமாற்றாது. பிரேக்கில் கால் வைத்த கணத்திலா, வண்டி நிற்கும் கணத்திலா, நின்ற பிறகா, கிளச்சை விடும்போதா என்று பிரித்துப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டிய பாகங்கள் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும்.

முதலில் பாஸ் காட்டிய ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கியர் பொக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டு செல்லும் தண்டுதான் புரொப்பெல்லர் சாப்ட்; அதை இரு பின் சில்லுகளுக்கும் பிரித்துத் தருவது டிபரன்ஷியல். இந்த வகை வண்டிகளின் டிபரன்ஷியலில், சில்லு ஒரு முறை சுற்றுவதற்குப் புரொப்பெல்லர் சாப்ட் ஏறத்தாழ நான்கு முறை சுற்ற வேண்டும். அதனால் சில்லின் பக்கத்தில், அச்சுத் தண்டின் பற்களிலும் டிபரன்ஷியலின் உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரங்களிலும் சேர்ந்து ஒரு பாகை தளர்வு இருந்தால், சாப்டில் அது நான்கு பாகையாகத் தெரியும். அதற்குமேல் டிபரன்ஷியலின் பெரிய பற்சக்கரமான கிரீடச் சக்கரத்துக்கும் அதைச் சுழற்றும் சிறிய பினியனுக்கும் இடையே, புதிய வண்டியிலும்கூட, ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒன்றிலிருந்து இரண்டு பங்கு வரை இடைவெளி விட்டுத்தான் பொருத்துகிறார்கள்; அது இல்லாவிட்டால் சூட்டில் விரியும் பற்கள் ஒன்றையொன்று கடித்துவிடும். ஆகவே கையால் திருப்பினால் ஆடுகிறது என்பது, பதினான்கு வருட வண்டியில், எதையும் நிரூபிக்கவில்லை. தொழில் பழகிய ஆரம்ப வருடங்களில் நானும் அந்த ஆட்டத்தை மட்டும் பார்த்து ஒரு டிபரன்ஷியலைக் கழற்றியிருக்கிறேன். உள்ளே பற்கள் பளிங்குபோல இருந்தன. வண்டி வீணாக நின்ற நாட்களுக்கு அதன் சொந்தக்காரர் என்னிடம் கணக்குக் கேட்கவில்லை என்றாலும், அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. அதனால்தான் இதை இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

டிபரன்ஷியல் உண்மையில் கெட்டுப்போகும்போது அநேகமாக இடிப்பதற்கு முன்பே ஊளையிடத் தொடங்கிவிடும். அந்த ஊளை அக்சிலேற்றரை அழுத்தும்போது ஒரு விதமாகவும் விடும்போது வேறு விதமாகவும் மாறும். ஓடும்போது சத்தமே இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால் என் சந்தேகம் அங்கே போகவில்லை. ஆயினும் மனம் ஆறுதலடைய ஒரு சோதனை செய்துகொள்ளலாம்: டிபரன்ஷியல் ஒயிலை வடித்து, வடிகால் ஆணியின் முனையில் காந்தம் இருந்தால் அதைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு படிந்திருப்பது வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் துணுக்குகளோ பல்லின் உடைந்த துண்டோ கிடைத்தால் மட்டும் பாஸ் சொன்னது சரி. பினியன் சாப்ட் வெளியே வரும் இடத்தில் உள்ள தட்டைப் பிடித்து மேலும் கீழுமாக அசைத்தும் பாருங்கள். அந்தத் திசையில் சிறிதும் அசையக் கூடாது. அசைந்தால் பெயரிங் தளர்ந்திருக்கிறது, அதைத் தள்ளிப்போடக் கூடாது.

இனி, நான் முதலில் சந்தேகப்படும் இடத்துக்கு வருகிறேன். புரொப்பெல்லர் சாப்ட் ஒரே நீளத்தில் இருக்கும் தண்டு அல்ல. பின் அச்சு மேலும் கீழும் அசையும்போது கியர் பொக்ஸுக்கும் அச்சுக்கும் இடையிலான தூரம் மாறுவதால், சாப்டின் ஓரிடத்தில் ஒரு தண்டு இன்னொரு குழலுக்குள், நீளவாட்டில் வெட்டிய பற்களின் மேல், வழுக்கி உள்ளே போய் வெளியே வரும்படி அமைத்திருக்கிறார்கள். அந்தப் பற்களைத்தான் ஸ்பிலைன் என்கிறோம். பட்டை ஸ்பிரிங் வைத்த வண்டியில் நீங்கள் பிரேக் பிடிக்கும்போது, சுழலும் சில்லு தன்னுடன் அச்சுக் கூட்டையும் சேர்த்து முறுக்க முயல்வதால் டிபரன்ஷியலின் மூக்கு கீழே தாழ்கிறது. அதே நேரம் வண்டியின் முன்பக்கம் அமிழ்ந்து பின்பக்கம் எழுகிறது. கிளம்பும்போது முறுக்கு எதிர்த் திசையில் வருவதால் மூக்கு மேலே எழுகிறது. இந்த இரண்டு அசைவுகளுக்கும் ஈடுகொடுத்து ஸ்பிலைன் சில மில்லிமீற்றர் வழுக்க வேண்டும். கிரீஸ் வற்றிப்போன ஸ்பிலைன் வழுக்காமல் பிடித்துக்கொள்கிறது. வண்டி நின்று, ஸ்பிரிங் தன் இயல்பான நிலைக்குத் திரும்பப் பார்க்கையில், பிடித்திருந்தது சட்டென்று விட்டுவிடும். அதுதான் நின்ற பிறகு வரும் ‘தொம்’. கிளம்பும்போது அதுவே மறு திசையில் நடக்கிறது. பின்னாலிருந்து மோதியதைப் போல என்று நீங்கள் எழுதிய உவமையை இந்தக் கோளாறு உள்ள எத்தனையோ சாரதிகள் என்னிடம் அப்படியே சொல்லியிருக்கிறார்கள்.

மலைநாட்டு வண்டிகளுக்கு இது சீக்கிரம் வருவதற்குக் காரணம் உண்டு. நுவரெலியா ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கண்டியோ 500 மீற்றர் அளவில். உங்கள் பகுதியிலிருந்து சுமையோடு அந்தச் சரிவில் இறங்கும் ஒரு பயணத்தில், சமவெளி வண்டி ஒரு வாரத்தில் காணாத அளவுக்குப் பிரேக்கும் முறுக்கும் மாறி மாறி வருகின்றன. தோட்டத்துப் பாதையின் சேறும் மழை நீரும் ஒரு புறம் இருக்க, ஓடைக் கரையிலும் சேர்விஸ் நிலையத்திலும் அழுத்தமான நீரைப் பாய்ச்சி அடிப்பாகத்தைக் கழுவுவதால் இருக்கும் கிரீஸும் போய்விடுகிறது. கழுவிய பின் கிரீஸ் அடிக்காமல் வண்டியை அனுப்புவது, என் பார்வையில், கழுவாமலே விடுவதைவிடக் கேடானது.

செய்ய வேண்டியது இதுதான். சாப்டில் கிரீஸ் செலுத்தும் சிறு முனைகளான கிரீஸ் நிப்பிள்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று துடைத்துத் தேடுங்கள். சாப்ட் சாய்வாகவும் சுழல இடம்தரும் சிலுவை வடிவ இணைப்பான குறொஸ் ஒவ்வொன்றிலும் ஒன்றும், வழுக்கும் பகுதியில் ஒன்றும் இருப்பது வழக்கம். சில வண்டிகளில் குறொஸ்கள் நிரந்தரமாக மூடப்பட்டவை, அவற்றுக்கு நிப்பிள் இருக்காது. கிரீஸ் அடிப்பவர்கள் குறொஸ்களை மட்டும் கவனித்து வழுக்கும் பகுதியின் நிப்பிளை விட்டுவிடுவதை நான் அடிக்கடி காண்கிறேன், ஏனென்றால் அது சேற்றில் மூடிக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த நிப்பிளுக்கு மொலிப்டினம் கலந்த லித்தியம் கிரீஸ் நல்லது. குறொஸுக்கு நான்கு முனைகளிலிருந்தும் புதிய கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை அடிக்கலாம். வழுக்கும் பகுதிக்கு அப்படி அடிக்கக் கூடாது. குழலுக்குள் கிரீஸ் நிரம்பி அடைத்துக்கொண்டால் தண்டு உள்ளே போக இடமில்லாமல் கியர் பொக்ஸையும் பினியன் பெயரிங்கையும் தள்ளத் தொடங்கும். சில அழுத்தங்களோடு நிறுத்திவிடுங்கள்.

கிரீஸ் அடித்த அன்றே இடி மறைந்து, சில வாரங்கள் கழித்து மெதுவாகத் திரும்பி வந்தால், நோய் ஸ்பிலைனில்தான் இருக்கிறது என்பது உறுதி. அப்போது சாப்டைக் கழற்றி, வழுக்கும் பகுதியைப் பிரித்து, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, பற்களைப் பார்க்க வேண்டும். இரு பாகங்களையும் சேர்த்துப் பிடித்து எதிர் எதிர்த் திசையில் முறுக்கும்போது கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் பற்கள் தேய்ந்துவிட்டன, கிரீஸ் அதைக் குணப்படுத்தாது. அந்தப் பகுதியை மாற்ற வேண்டும். டிபரன்ஷியலுக்குச் சொன்ன தொகையோடு ஒப்பிட்டால் அது சிறிய செலவாகவே இருக்கும்.

கிரீஸ் அடித்தும் சிறிதும் மாற்றம் இல்லையென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஸ்பிரிங் கட்டு. அச்சைப் பட்டைகளோடு இறுக்கிப் பிடித்திருக்கும் யூ போல்ட்கள் தளர்ந்திருந்தாலும், பட்டைகளை ஊடுருவிச் செல்லும் நடு ஆணி உடைந்திருந்தாலும், பிரேக் பிடிக்கையில் அச்சு முழுவதும் சற்று முன்பின்னாக நகரும். அந்த இடி இன்னும் கனமாக, உலோகத்தோடு உலோகம் மோதுவதாக இருக்கும். யூ போல்ட் நட்களைச் சுற்றிப் புதிதாகப் பளபளக்கும் உராய்வுத் தடமோ செம்மண் நிறத் துருப் பொடியோ இருந்தால் அங்கே அசைவு இருக்கிறது என்று பொருள். யூ போல்ட்களை இறுக்கும்போது வண்டியின் பாரம் சில்லுகளின் மேல் இருக்க வேண்டும். சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் மறுபடியும் இறுக்க வேண்டும். ஸ்பிரிங்கின் இரு முனைகளிலும் உள்ள இறப்பர் புஷ்களையும் ஒரு கம்பியால் நெம்பிப் பாருங்கள்.

பிரேக்கின் பங்கையும் பிரித்தறிய ஒரு வழி சொல்கிறேன். ஆளில்லாத சமதரையில், நடை வேகத்தில் கிளச்சை மிதித்தபடி வந்து, கால் பிரேக்கைத் தொடாமல் ஹேண்ட் பிரேக்கை மட்டும் மெல்ல இழுத்து நிறுத்துங்கள். கால் பிரேக்கில் இடித்து ஹேண்ட் பிரேக்கில் இடிக்காவிட்டால், முன் பிரேக்கின் தளர்ந்த பேட்களோ கெலிப்பரின் ஊசிகளோ முன் சில்லின் கைகளைப் பிடித்திருக்கும் புஷ்களோ காரணமாக இருக்கலாம். பின்னோக்கி எடுத்துவிட்டு முன்னோக்கி வந்து முதல் பிரேக் பிடிக்கையில் மட்டும் ஒரு ‘டிக்’ கேட்டால் அது பேட் தன் இடத்தில் நகர்வது, பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. சுமையில்லாத நாளிலும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். சரியாகக் கட்டாத ஜெக்கும், அடியில் சங்கிலி தளர்ந்து தொங்கும் உதிரிச் சில்லும், காய்கறிப் பெட்டிகளும் இடிப்பதைச் சாப்டின் இடி என்று எண்ணிக் கராஜுக்கு வந்தவர்கள் உண்டு.

குறொஸைச் சோதிக்கையில், இணைப்பின் இருபுறமும் இரண்டு கைகளால் பிடித்து எதிர் எதிராக முறுக்குங்கள். குறொஸிலேயே தளர்வு தெரிந்தால், எவ்வளவு சிறியதாக இருந்தாலும், மாற்ற வேண்டியதே. மெதுவாக உருளும்போது குருவி கத்துவதைப் போன்ற கீச்சொலி வருவதும், மூடிகளைச் சுற்றிச் செந்துருப் பொடி படிவதும் அதன் முன்னறிவிப்புகள். ஓடும்போது குறொஸ் உடைந்து சாப்ட் வீதியில் விழுந்தால் என்ன நடக்கும் என்பதை கினிகத்தேனைச் சரிவை அறிந்த உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

இந்தச் சோதனைகளில் உயிருக்கு ஆபத்தான ஓர் இடம் இருக்கிறது, தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். சாப்டை அசைத்துப் பார்க்க வேண்டுமானால் கியரை நியூட்ரலில் வைக்க வேண்டும். சாப்டைக் கழற்றிவிட்டாலோ, கியரில் விட்டிருந்தாலும் எஞ்சினுக்கும் பின் சில்லுக்கும் தொடர்பு அற்றுப்போகும். கியரில்தான் இருக்கிறது, உருளாது என்று எண்ணி அடியில் படுத்தவர்மேல் வண்டி உருளும். எங்கள் ஊர்களில் சமமாகத் தெரியும் இடமும் சரிவாகவே இருக்கும். கோவில் முன்றலையோ விளையாட்டு மைதானத்தின் ஓரத்தையோ அனுமதி கேட்டுப் பயன்படுத்துங்கள். சில்லுகளின் முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள், கல்லை நம்ப வேண்டாம். தூக்கி வைப்பதானால் ஜெக்கை மட்டும் நம்பி அடியில் போகாமல் இரும்புத் தாங்கிகளை வையுங்கள். எஞ்சின் ஓடும்போது ஒருவரும் அடியில் இருக்கக் கூடாது. பார்க்கத்தான் வேண்டுமென்றால் கைத்தொலைபேசியைப் பக்கவாட்டில் தரையில் சாய்த்து வைத்து ஒளிப்பதிவு செய்து, பிறகு அந்தப் பதிவை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். எந்தப் பாகம் முதலில் துள்ளுகிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

பாஸிடம் சண்டைக்குப் போக வேண்டாம். கிரீஸ் அடித்து ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னால் நல்ல தொழிலாளி மறுக்க மாட்டார். உங்கள் ஓட்டத்துக்கு 5000 கிலோமீற்றருக்கு ஒரு முறையும், அடிப்பாகத்தைக் கழுவும் ஒவ்வொரு முறையும் கிரீஸ் அடிப்பது போதுமானது என்பது என் கணிப்பு.

கேள்வி: என்னுடையது ஓட்டோ கியர் கெப். வீடு மேட்டில் இருப்பதால் வண்டியைச் சரிவில்தான் நிறுத்துகிறேன். காலையில் ‘பி’யிலிருந்து ‘ஆர்’ போடும்போது பலமாக இடிக்கிறது. பகலில் சந்தையில் நிறுத்தி எடுக்கும்போது அப்படி இடிப்பதில்லை. கியர் பொக்ஸ் பழுதா?
– பண்டாரவளை வாசகர்

பதில்: காலையில் சரிவில் மட்டும் இடித்து, சமதரையில் இடிக்காததால் கியர் பொக்ஸைக் குறைசொல்ல முடியாது. ‘பி’ போடும்போது கியர் பொக்ஸின் உள்ளே ஒரு சிறு கொக்கி பற்சக்கரத்தின் பள்ளத்தில் விழுந்து பூட்டிக்கொள்கிறது. ஹேண்ட் பிரேக்கை இழுக்கும் முன் ‘பி’ போட்டுக் காலை எடுத்தால் வண்டியின் முழுப் பாரமும் இரவு முழுவதும் அந்தக் கொக்கியில் தொங்கும்; காலையில் அதை இழுத்து விடுவிக்கும்போது முறுக்கிக்கொண்டிருந்த சாப்டும் அச்சும் ஒரேயடியாக விடுபட்டு இடிக்கின்றன. கால் பிரேக்கை மிதித்தபடி ‘என்’ போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காலை மெல்ல எடுத்து வண்டி ஹேண்ட் பிரேக்கில் அமர விடுங்கள். அது தாங்குகிறது என்று கண்ட பின் மறுபடி பிரேக்கை மிதித்து ‘பி’ போடுங்கள். ஹேண்ட் பிரேக் தாங்காவிட்டால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

அப்படிச் செய்தும் இடித்தால் எஞ்சினையும் கியர் பொக்ஸையும் தாங்கும் இறப்பர் மவுண்டுகளைப் பாருங்கள். பொனெட்டைத் திறந்து வைத்து, பிரேக்கை நன்றாக மிதித்து, எவரும் வண்டியின் முன்னும் பின்னும் நிற்காமல், ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்க ‘டி’யும் ‘ஆர்’ உம் மாறி மாறிப் போடுங்கள். எஞ்சின் ஒரு பக்கம் தெளிவாகத் தூக்கி எழுந்தால் அந்தப் பக்க மவுண்ட் பிய்ந்துவிட்டது. ஒயில் கசிந்து ஊறிய இறப்பர் வெகு சீக்கிரம் பிய்ந்துவிடும் என்பதால், கசிவை அடைக்காமல் மவுண்டை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

கேள்வி: பனிமூட்டமும் மழையுமான நாட்களில் பாதுகாப்புக்காக ஃபோர் வீல் போட்டே பெரகலைப் பக்கம் இறங்குகிறேன். வளைவுகளில் ஸ்டியரிங் இறுகுகிறது; நின்று கிளம்பும்போதும் ஃபோர் வீலை எடுக்கும்போதும் ‘டங்’ என்று இடிக்கிறது.
– ஹப்புத்தளை வாசகர்

பதில்: உங்கள் வண்டியில் கோளாறு இல்லை, ஆனால் இப்படியே தொடர்ந்தால் வந்துவிடும். வளைவில் முன் சில்லுகள் பின் சில்லுகளைவிடப் பெரிய வட்டத்தில் செல்வதால் கூடுதல் தூரம் உருள்கின்றன. பெரும்பாலான கெப் வண்டிகளில் ஃபோர் வீல் போட்டதும் முன் சாப்டும் பின் சாப்டும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டுவிடுகின்றன. அந்த வேறுபாட்டை விழுங்கிக்கொள்ள நடுவில் டிபரன்ஷியல் இல்லை. சேற்றிலும் சரளையிலும் சில்லு சற்று வழுக்கி அந்த முறுக்கை வெளியேற்றிவிடும். காய்ந்து பிடிப்புள்ள தார் வீதியில் அது சாப்ட்களிலும் கியர்களிலும் தேங்கி, எடுக்கும் கணத்தில் இடியாக வெளிவரும். பனிமூட்டத்தால் பார்வை மறைகிறதே ஒழிய, அதனால் மட்டும் வீதி வழுக்குவதில்லை. அங்கே உங்களைக் காப்பது வேகக் குறைப்பும் தாழ்ந்த கியரும்தான். தார் விட்டுத் தோட்டத்துச் சேற்றில் இறங்கும்போது ஃபோர் வீல் போடுங்கள், வீதிக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். இறுகி எடுக்க வரவில்லையென்றால் நேர்ப் பாதையில் சில மீற்றர் பின்னோக்கி எடுத்தால் முறுக்கு அவிழ்ந்துவிடும்.

கேள்வி: இடிக்கிறது என்று குறொஸ் இரண்டும் மாற்றினேன். இடி நின்றுவிட்டது; ஆனால் இப்போது ஓடும்போது முன்பு இல்லாத அதிர்வு தொடங்கியிருக்கிறது. மாற்றிய குறொஸ் மட்டமானதா?
– மஸ்கெலியா வாசகர்

பதில்: குறொஸைச் சந்தேகிக்கும் முன் சாப்டைப் பூட்டிய விதத்தைப் பாருங்கள். குறொஸ் ஒன்று சாய்வாகச் சுழலும்போது, ஒரு சுற்றில் இரு முறை வேகம் கூடி இரு முறை குறைகிறது. அந்த ஏற்றத்தாழ்வை மறுமுனைக் குறொஸ் எதிராகச் செய்து சமன்படுத்த வேண்டுமானால், பெரும்பாலான வண்டிகளில், குறொஸைப் பிடித்திருக்கும், சாப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். வழுக்கும் பகுதியைப் பிரித்து மறுபடி செருகும்போது சில பற்கள் தள்ளிச் செருகிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்காமல் ஒன்றோடொன்று கூடி அதிர்வாகும். பல சாப்ட்களில் இதற்காகவே இரு பாகங்களிலும் அம்புக் குறியோ புள்ளியோ பொறித்திருப்பார்கள். துருவைச் சுரண்டித் தேடினால் கிடைக்கும். குறி அழிந்திருந்தால் கவைகளைக் கண்ணால் ஒரே நேர்கோட்டில் வைத்துச் செருகுங்கள். அதன் பின்னும் அதிர்வு நீடித்து, சுமையோடு கிளம்பும்போது கூடுமானால், நடுவில் சாப்டைத் தாங்கும் சென்டர் பெயரிங்கின் இறப்பர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள்; குறொஸ் மாற்றுகையில் சாப்டை ஒரு முனையில் தொங்க விட்டிருந்தால் அது கிழிந்திருக்க வாய்ப்புண்டு.